எரிக்க 20 சென்ட், விற்க 10 யூரோ: எச்எஃப்சி-23 விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

தொழிற்சாலைகள் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களைக் குறைக்கும் பொறுப்பை நாடுகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்வியை எடுத்தாலே பேச்சு மிகப் பெரிதாகிவிடுகிறது. நிலக்கரி, உருக்கு, சிமென்ட், இருநூறு ஆண்டு வரலாறு, ஆளுக்கு எத்தனை டன் என்று விரிந்துகொண்டே போய், கடைசியில் அவரவர் கொண்டுவந்த கருத்தோடு அவரவர் எழுந்து போகிறார்கள். அதனால் இந்த ஆய்வுக்கு வேண்டுமென்றே சிறிய ஒன்றை எடுத்துக்கொண்டேன்: எச்எஃப்சி-23 என்ற ஒரே ஒரு வாயு.

இது முக்கியமாக ஒரே வகை ஆலையிலிருந்து வருகிறது. அந்த ஆலைகள் எங்கே இருக்கின்றன, யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். வாயுவை அழிக்கும் தொழில்நுட்பம் 1990களிலேயே இருந்தது. செலவும் அதிகமில்லை. இதைவிடச் சுலபமான ஒரு வேலையை உலக நாடுகளிடம் கொடுக்கவே முடியாது. அப்படியும் இதில் 20 ஆண்டுகளுக்கு மேல் இழுபறி. சுலபமான கணக்கு எந்த வரியில் பிழையானது என்று தெரிந்தால், கடினமான கணக்குகளில் அந்த வரியையாவது கவனமாகப் போடலாம்.

வாயு எங்கிருந்து வருகிறது

எச்சிஎஃப்சி-22 என்பது ஏசிகளில் பல பத்தாண்டுகள் ஓடிய குளிரூட்டி. மெக்கானிக்குகள் ஆர்-22 என்பார்கள். டெஃப்லான் வகைப் பூச்சுகளுக்கும் பிளாஸ்டிக்குகளுக்கும் மூலப்பொருள் அதுவே. குளோரோஃபார்மையும் ஹைட்ரஜன் ஃபுளோரைடையும் ஒரு வினையூக்கியின் துணையோடு சேர்த்து அதைத் தயாரிக்கிறார்கள். குளோரோஃபார்மில் உள்ள மூன்று குளோரின் அணுக்களில் இரண்டை மட்டும் எடுத்துவிட்டு ஃபுளோரினை வைத்தால் ஆர்-22. வினை ஒரு படி தாண்டிப்போய் மூன்றுமே மாறிவிட்டால் எச்எஃப்சி-23. வாங்குபவர் அதிகம் இல்லாத துணைப்பொருள் அது. ஒரு டன் ஆர்-22க்கு 15 கிலோவிலிருந்து 40 கிலோ வரை வரும். எவ்வளவு வரும் என்பது ஆலையை எவ்வளவு கவனமாக ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஓசோன் படலத்தை இது அரிப்பதில்லை. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அசுரன். 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ எச்எஃப்சி-23, கரியமில வாயு 11,700 கிலோவுக்குச் சமம் என்று 1997இன் காலநிலை ஒப்பந்தமான கியோட்டோ நெறிமுறை எடுத்துக்கொண்டது. ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின்படி அது 14,600. காற்றில் 200 ஆண்டுகளுக்கு மேல் தங்கும். 1960களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் புகைபோக்கி வழியாக வெளியே போன எச்எஃப்சி-23இன் பெரும்பகுதி இன்னும் மேலேதான் இருக்கிறது. 'வரலாற்றுப் பொறுப்பு' என்ற சொல்லை மாநாட்டு மேடையின் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த வாயுவின் ஆயுளை ஒருமுறை பார்க்கலாம்.

அழிப்பது எப்படி? 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரித்தால் போதும். கழிவாக வரும் அமிலத்தைச் சுத்திகரிக்க வேண்டும், அவ்வளவே.

1992இன் கோடு

1992இல் ரியோவில் கையெழுத்தான ஐநா காலநிலை மாற்ற உடன்படிக்கை, 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்' என்ற கொள்கையை எழுதிவைத்தது. பூமி எல்லோருக்கும் பொது. கெடுத்த அளவும் கையிருப்பும் நாட்டுக்கு நாடு வேறு. ஆகவே பணக்கார நாடுகள் முதலில் நடக்க வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது. இன்று வரை காற்றில் சேர்ந்த புதைபடிவ எரிபொருள் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவினுடையது. இந்தியாவின் பங்கு அதில் மிகச் சிறியது.

சிக்கல், கொள்கையை விதியாக மாற்றிய இடத்தில் வந்தது. 1997இன் கியோட்டோ நெறிமுறை உலகை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம், 2008 முதல் 2012 வரையிலான காலத்தில் சராசரியாக 1990 அளவைவிட 5 சதவீதம் குறைக்கக் கடமைப்பட்ட தொழில்மய நாடுகள். மறுபக்கம், எந்த எண்ணிக்கைக் கடமையும் இல்லாத மற்ற எல்லோரும். தென் கொரியாவும் அந்த மறுபக்கத்தில்தான், ஏழ்மையின் அடியில் இருந்த நாடுகளும் அங்கேதான். நெறிமுறை கையெழுத்தாகும் முன்பே, 1997 ஜூலையில், வளரும் நாடுகளுக்கும் கடமை இல்லாத எந்த ஒப்பந்தத்தையும் ஏற்கக் கூடாது என்று அமெரிக்க செனட் 95–0 என்று தீர்மானம் போட்டது. 2001இல் அமெரிக்கா விலகியது. கனடா 2011இல் விலகலை அறிவித்தது.

இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஒரு பாலம் வைத்தார்கள். அதுதான் தூய்மை வளர்ச்சி வழிமுறை, சுருக்கமாக சிடிஎம். கடமை இல்லாத நாட்டில் உள்ள ஓர் ஆலை ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமமான உமிழ்வைத் தவிர்த்தால் ஒரு கிரெடிட். கடமை உள்ள நாட்டில் இருப்பவர் அதை வாங்கித் தன் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். எங்கே குறைத்தாலும் காற்றுக்கு ஒன்றுதான், ஆகவே மலிவான இடத்தில் குறைப்போம் என்பது பொருளாதார அறிஞர்களின் வாதம். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மலிவான இடம் எது என்று சந்தை தேடியது. கண்டுபிடித்தது எச்எஃப்சி-23ஐ. சிடிஎம் அங்கீகரித்த முதல் கணக்கீட்டு முறையே, ஏஎம்0001, இந்த வாயுவை எரிப்பதற்கானதுதான். 2005 மார்ச்சில் குஜராத்தில் ஒரு திட்டமும் தென் கொரியாவின் உல்சானில் ஒரு திட்டமும் பதிவாயின. அப்புறம் வரிசைகட்டி வந்தன. மொத்தம் 19: சீனாவில் 11, இந்தியாவில் 5, தென் கொரியா, மெக்சிகோ, அர்ஜென்டினாவில் ஒவ்வொன்று.

ஒரு டன் ஆர்-22இன் கணக்கு

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடலாம்.

ஓர் ஆலை ஒரு டன் ஆர்-22 தயாரிக்கிறது. துணைப்பொருள் விகிதம் 3 சதவீதம் என்றால் 30 கிலோ எச்எஃப்சி-23. அதை எரித்தால், 11,700ஆல் பெருக்கி, 351 டன் கரியமில வாயுவுக்குச் சமம். 351 கிரெடிட். ஒரு கிரெடிட் 10 யூரோ என்றால் 3,510 யூரோ. எரிக்க ஆகும் செலவு? கரியமில வாயுக் கணக்கில் டன்னுக்கு சுமார் 20 சென்ட் என்று வைத்தால் 70 யூரோ. போட்டது 70, எடுத்தது 3,510.

இப்போது நினைவில் வைக்கச் சொன்ன வரிக்கு வருவோம். ஆலையைக் கவனமாக ஓட்டி விகிதத்தை 1.5 சதவீதமாகக் குறைத்தால் என்ன ஆகும்? கிரெடிட் பாதியாகக் குறையும். டன்னுக்கு 1,755 யூரோ இழப்பு. அதாவது நல்ல பொறியாளரை வைத்திருப்பது நஷ்டம். கழிவு அதிகம் வரும் ஆலைக்கு அதிக வருமானம், கழிவைக் குறைக்கும் ஆலைக்குக் குறைந்த வருமானம். உலகம் ஒரு குப்பைக்கு விலை வைத்தது, அந்த விலை சரக்கின் விலையையே மிஞ்சியது.

ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் வாரா 2007இல் நேச்சர் இதழில் இதைத்தான் எழுதினார். குளிரூட்டியை விற்று வருவதைப் போல ஏறக்குறைய இருமடங்கு கிரெடிட்டை விற்று வருகிறது என்பது அவர் கணக்கு. 2012 வரை இந்தத் திட்டங்கள் தரவிருந்த கிரெடிட்டுகளின் மதிப்பு அன்றைய விலையில் 470 கோடி யூரோ. ஆலைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுத்து எரிக்கச் சொல்லியிருந்தால் 10 கோடி யூரோவுக்குள் முடிந்திருக்கும்.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் இந்த ஆய்வின் மையம். பணக்கார நாடுகள் பணம் தர வேண்டும் என்பதில் பிழை இல்லை. எதற்கு எவ்வளவு என்று பார்க்காமல் சந்தை விலையில் தந்தது பிழை. பெறும் பக்கத்தில் எந்தக் கடமையும் வைக்காமல் தந்தது அதைவிடப் பெரிய பிழை.

நடந்தது

விதிகளை எழுதியவர்கள் முழு அப்பாவிகள் இல்லை. புதிதாக ஆலை கட்டிக் கிரெடிட் எடுப்பதைத் தடுக்க, 2000க்கும் 2004க்கும் இடையே குறைந்தது மூன்று ஆண்டுகள் ஓடிய ஆலைகளுக்கு மட்டும் என்று வரம்பு வைத்தார்கள். விகிதத்துக்கு 3 சதவீத உச்சவரம்பும் இருந்தது. ஆனால் உச்சவரம்பு வைத்தால் அதுவரை போகலாம் என்று ஆலைகள் புரிந்துகொள்வது இயற்கைதானே. 2010இல் சிடிஎம் வாட்ச் என்ற கண்காணிப்பு அமைப்பு கணக்கீட்டு முறையைத் திருத்தச் சொல்லி மனுக் கொடுத்தது. கிரெடிட் கிடைக்கும் காலத்தில் கழிவு வாயு அதிகம் வருவதும், கிடைக்காத காலத்தில் குறைவதும் சில ஆலைகளின் சொந்த அறிக்கைகளிலேயே தெரிந்தது. சிடிஎம் செயற்குழு முறையை நிறுத்திவைத்து ஆராய்ந்து, 2011இல் திருத்தியது.

இதை 'வளரும் நாட்டு ஆலைகளின் தில்லுமுல்லு' என்று சுருக்கிவிடும் எழுத்துகள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கியோட்டோவில் கடமை உள்ள பக்கத்தில் இருந்த ரஷ்யாவிலும், கூட்டு அமலாக்கம் என்ற இன்னொரு வழிமுறையின் கீழ் இதேதான் நடந்தது. லாம்பர்ட் ஷ்னைடரும் அன்யா கோல்மஸும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிரெடிட் வரத் தொடங்கியதும் ரஷ்ய ஆலைகளில் கழிவு வாயு முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு எகிறியது. விலைப்பட்டியல் அப்படி இருந்தால் எந்த நாட்டு ஆலையும் அப்படித்தான் ஓடும்.

இந்த விவகாரத்தில் கணக்கு புரிந்து நடந்துகொண்ட ஒரே அரசு சீனா என்றுகூடச் சொல்லலாம். செலவுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி உழைப்பால் வந்த லாபம் அல்ல என்று பார்த்து, எச்எஃப்சி கிரெடிட் வருமானத்தில் 65 சதவீதத்தை அரசே எடுத்து ஒரு காலநிலை நிதியில் போட்டது. மற்ற பெரும்பாலான திட்டங்களுக்கு வைத்த பங்கு 2 சதவீதம்தான். இந்தியாவில் அப்படி ஒரு தனிப் பிடித்தம் இல்லை. பணம் நிறுவனங்களிடமே தங்கியது.

ஆனால் அதே 65 சதவீதம் இன்னொன்றையும் செய்தது. எச்எஃப்சி-23ஐ எரிக்கச் சட்டம் போட்டால், 'சட்டப்படி செய்தே ஆக வேண்டியதற்கு' கிரெடிட் கிடையாது. ஆகவே சட்டம் போடாமல் இருப்பதில் அரசுக்கே வருமானம் வந்தது. கிரெடிட் வாங்கும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மலிவான கிரெடிட் தேவை. விற்கும் ஆலைக்கு லாபம். இடைத்தரகர்களுக்குக் கமிஷன். சட்டம் வர வேண்டும் என்று விரும்ப மேசையைச் சுற்றி ஒருவரும் இல்லை.

கிரெடிட் என்பது நன்கொடை இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. குஜராத்தில் எரித்த ஒரு டன்னுக்கு ஈடாக ஐரோப்பாவில் ஒரு மின் நிலையம் ஒரு டன் கூடுதலாக வெளியிடும் உரிமையைப் பெற்றது. குஜராத்தில் தவிர்த்தது உண்மையான டன் என்றால் உலகக் கணக்கு சமம், குறைவு எதுவும் இல்லை. வேண்டுமென்றே உருவாக்கி எரித்த டன் என்றால் உலகக் கணக்கில் ஒரு டன் கூடுதல். பணக்கார நாடு தன் பொறுப்பை நிறைவேற்றியதாகவும், ஏழை நாடு உதவி பெற்றதாகவும் இரண்டு பக்கமும் அறிக்கை எழுதும். காற்று மட்டும் வேறு எண்ணைக் காட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் முடிவெடுத்து, 2013 முதல் தன் உமிழ்வுச் சந்தையில் எச்எஃப்சி-23 கிரெடிட்டுகளுக்குத் தடை போட்டது. நைலானுக்கு மூலப்பொருளான அடிப்பிக் அமிலத்தைத் தயாரிக்கும் ஆலைகளின் நைட்ரஸ் ஆக்சைடு (இன்னொரு பசுமைக்குடில் வாயு) கிரெடிட்டுகளுக்கும் அதே கதி. (அது இதன் ஒன்றுவிட்ட சகோதரன்: கிரெடிட் கிடைத்த ஆலைகள் முழு மூச்சில் ஓட, கிரெடிட் இல்லாமலே ஏற்கெனவே வாயுவைக் கட்டுப்படுத்திவந்த மற்ற நாட்டு ஆலைகளின் உற்பத்தி அங்கே நகர்ந்தது.) 2008இல் 20 யூரோவைத் தாண்டியிருந்த கிரெடிட் விலை 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. வாங்க ஆள் இல்லையென்றால் வாயுவைத் திறந்துவிட நேரிடும் என்ற பேச்சுகள் எழுந்தன. பலர் அதை மிரட்டல் என்றார்கள். மிரட்டலோ இல்லையோ, கடமை இல்லாத இடத்தில் பணம் நின்றால் வேலையும் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் தேவையில்லை.

சிடிஎம்மை முழுக்கத் திட்டிவிட்டுப் போவதும் நியாயமில்லை. திட்டங்கள் முழுவீச்சில் ஓடிய 2006–2009 காலத்தில் உலக எச்எஃப்சி-23 உமிழ்வு கணிசமாக இறங்கியது, அது அளந்து பார்த்த உண்மை. அதன்பின் மறுபடி ஏறியதும் உண்மைதான். 2004க்குப் பின் கட்டிய ஆலைகளுக்குக் கிரெடிட்டும் இல்லை, எரிக்க வேண்டிய சட்டமும் இல்லை.

பக்கத்துக் கட்டடத்தில் வேறு முறை

இதே ஆலைகள் தயாரிக்கும் ஆர்-22க்கு வேறோர் ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்தது. ஓசோன் படலத்தை அரிக்கும் பொருட்களை நிறுத்த வந்த 1987இன் மாண்ட்ரியல் நெறிமுறை. அதிலும் பணக்கார, வளரும் என்ற பிரிவு உண்டு. ஆனால் பிரித்த விதம் வேறு. கடமை இருதரப்புக்கும் உண்டு, வளரும் நாடுகளுக்குக் கெடு தள்ளிப்போகும். 1990இல் லண்டனில் ஒரு பலதரப்பு நிதியம் அமைக்க முடிவானது. மாற்றத்தால் கூடுதலாக ஆகும் செலவை மட்டும் அது தரும். சந்தை விலை என்ற பேச்சே அங்கே இல்லை. செயற்குழுவில் வளரும் நாடுகள் ஏழு, வளர்ந்த நாடுகள் ஏழு. பணம் தருபவர் மட்டும் தீர்மானிக்க முடியாது. சீனா 1991இலும் இந்தியா 1992இலும் உள்ளே வந்ததற்கு இந்த நிதியமும் ஒரு காரணம்.

தொடங்கிய நாளிலிருந்து 30 ஆண்டுகளில், 140க்கும் மேற்பட்ட நாடுகளுக்காக நிதியத்துக்கு வந்த பணம் 400 கோடி டாலரைத் தாண்டும். எச்எஃப்சி-23 என்ற ஒரே வாயுவுக்கு வாரா போட்ட 470 கோடி யூரோவின் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்க வேண்டும். 2013இல் சீனாவின் எச்சிஎஃப்சி (ஆர்-22 சேர்ந்த குடும்பம்) உற்பத்தி முழுவதையும் 2030க்குள் நிறுத்த நிதியம் ஒப்புக்கொண்ட தொகை அதிகபட்சம் 38.5 கோடி டாலர். ஒரு நாட்டின் ஒரு தொழில்துறை முழுவதற்கும் அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. கூடுதல் செலவு என்றால் என்ன என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் சண்டை. தாமதம். மூலப்பொருளாகப் பயன்படும் ஆர்-22 கட்டுப்பாட்டுக்கு வெளியே. இந்தக் கடைசி ஓட்டை இன்னும் அடைபடவில்லை. டெஃப்லான் வகைப் பொருட்களின் தேவை இருக்கும்வரை ஆர்-22 ஆலைகள் 2030க்குப் பின்னும் ஓடும், எச்எஃப்சி-23 பிறந்துகொண்டே இருக்கும்.

கிகாலி, 2016 அக்டோபர்

ருவாண்டாவின் கிகாலியில் மாண்ட்ரியல் நெறிமுறை நாடுகள் கூடியிருந்தன. எச்எஃப்சி-23உம் சேர்ந்த எச்எஃப்சி வாயுக் குடும்பத்தையும் இந்த நெறிமுறைக்குள் கொண்டுவருவது பற்றிய பேச்சு. அக்டோபர் 13 அன்று இந்தியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஆர்-22 தயாரிக்கும் நிறுவனங்கள் எச்எஃப்சி-23ஐத் தங்கள் சொந்தச் செலவில் எரிக்க வேண்டும். 15 ஆண்டுகளில் 10 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமமான உமிழ்வு இதனால் தவிர்க்கப்படும் என்று அரசு சொன்னது. பல ஆண்டுகளாகக் கிரெடிட் கொடுத்து வாங்கிய ஒரு வேலை, ஓர் உத்தரவில் இலவசமாக முடிந்தது. எரிகலன்கள்தான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தனவே.

இரண்டு நாள் கழித்து, 15ஆம் தேதி, கிகாலி திருத்தம் ஏற்கப்பட்டது. பொறுப்புப் பங்கீட்டில் எனக்குத் தெரிந்து இதைவிட நுணுக்கமாக நெய்த ஒப்பந்தம் இல்லை. பெரும்பாலான வளர்ந்த நாடுகள் எச்எஃப்சி உற்பத்தியையும் பயன்பாட்டையும் 2019இல் தொடங்கி 2036க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். சீனா, பிரேசில் உள்ளிட்ட பெரும்பாலான வளரும் நாடுகள் 2024இல் மேலும் ஏறாமல் உறையவைத்து, 2045க்குள் 80 சதவீதம் குறைக்க வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஈராக், வளைகுடா நாடுகள் அடங்கிய குழு 2028இல் உறையவைத்து, 2047க்குள் 85 சதவீதம். ஏழை–பணக்காரர் என்ற ஒற்றைக் கோடு மூன்று அட்டவணையாக மாறியது. கடும் வெயில் நாடுகளின் சிரமமும், ஏசி சந்தை இப்போதுதான் வளரும் நாடுகளின் வாதமும் அதில் இடம்பெற்றன.

எச்எஃப்சி-23க்கு மட்டும் அந்த மூன்று அட்டவணை இல்லை. 2020 ஜனவரி முதல், இயன்ற அளவு அழித்தே ஆக வேண்டும். மலிவாகச் செய்யக்கூடியதற்கு அவகாசம் தேவையில்லை என்று நாடுகள் மறைமுகமாக ஒப்புக்கொண்டன. சீனாவும் இந்தியாவும் 2021இல் திருத்தத்தை ஏற்றன, அமெரிக்கா 2022இல். தன் ஆலைகளுக்கு இதைச் சட்டக் கட்டாயமாக்க அமெரிக்காவுக்கே 2022 வரை ஆனது என்பது ஒரு கிளைக்குறிப்பு.

காற்று சொன்னது

சரி, முடிந்ததா? இல்லை.

2020இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழுவின் தலைமையில் ஒரு கட்டுரை வந்தது. சீனாவும் இந்தியாவும் அறிவித்த குறைப்புகளின்படி, 2014க்கும் 2017க்கும் இடையே உலக எச்எஃப்சி-23 உமிழ்வு 87 சதவீதம் விழுந்திருக்க வேண்டும். காற்றில் அளந்தால், 2018இல் உமிழ்வு 15,900 டன். அதுவரை பதிவானதிலேயே அதிகம். கரியமில வாயுக் கணக்கில் சுமார் 20 கோடி டன்.

சீனா 2014 முதல் 2019 வரை எரிப்பதற்கு மானியம் கொடுத்தது. அறிக்கைகளில் எரித்ததாகவும் வந்தது. தென் கொரியாவின் ஜெஜு தீவில் உள்ள கோசான் அளவீட்டு நிலையத்தின் தரவுகளை வைத்துச் செய்த பிந்தைய ஆய்வு, கிழக்குச் சீனாவின் உமிழ்வு 2008க்கும் 2019க்கும் இடையே ஏறக்குறைய இருமடங்கானதாகக் காட்டியது. எரிகலன் ஓடாமல் இருந்ததா, அறிவிக்காத உற்பத்தி நடந்ததா, வேறு வகை ஆலைகளிலிருந்தும் வருகிறதா என்பதைத் தூரத்து நிலையம் ஒன்றால் சொல்ல முடியாது. எங்கிருந்து எவ்வளவு என்பதைச் சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது.

பங்கீட்டுக்கு இதிலிருந்து எடுப்பவை

நிகழ்வு ஆய்வு என்று எழுதிவிட்டுத் தீர்ப்பு சொல்லாமல் போக முடியாது. என் வாசிப்பு இது.

வேறுபாடு கெடுவிலும் பணத்திலும் இருக்கட்டும். கடமை உண்டா இல்லையா என்பதில் வேண்டாம். கியோட்டோ கடமையிலேயே வேறுபாடு வைத்தது, அதனால் சட்டம் போடாத அரசுக்குப் பரிசு கிடைத்தது. மாண்ட்ரியல் கெடுவில் வைத்தது, ஆகவே எல்லோரும் ஒரே திசையில் வேறு வேறு வேகத்தில் நடந்தார்கள். 'எங்களுக்குக் கடமை கிடையாது' என்பது வளரும் நாடுகளின் உரிமைக்குரல் என்று நினைப்பவர்களுடன் இங்கே முரண்படுகிறேன். கிகாலியில் 2028 வரை அவகாசமும் அதற்கான நிதி உரிமையும் பெற்ற இந்தியா, கியோட்டோவில் கடமையே இல்லாத இந்தியாவைவிட வலுவான இடத்தில் இருந்தது.

பணத்தைப் பொறுத்தவரை, பணக்கார நாடுகள் தர வேண்டியது கூடுதல் செலவு. அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். அதிகமாகத் தந்தால் கழிவு உற்பத்தியாகும். குறைவாகத் தந்தால், அல்லது வாக்குக் கொடுத்துவிட்டுத் தராமல் போனால், அடுத்த ஒப்பந்தத்துக்கு ஆளே வரமாட்டார்கள். காலநிலை நிதி விவகாரத்தில் அதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. அப்படித் தரும் பணத்துக்கு ஈடாகத் தன் சொந்தக் கணக்கில் டன் கழித்துக்கொள்வதும் கூடாது. நைட்ரஸ் ஆக்சைடை வெளியிடும் நைட்ரிக் அமில ஆலைகளுக்காக 2015இல் ஜெர்மனி தொடங்கிய திட்டம் இந்தப் பாடத்தைப் படித்ததுபோல் இருக்கிறது: கருவி பொருத்த உதவிப் பணம் உண்டு, ஆனால் உதவி முடிந்தபின் நாட்டின் செலவிலேயே தொடர்வோம் என்று அரசு எழுதித்தர வேண்டும்.

உருக்கு, சிமென்ட் போன்றவற்றுக்கு இதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான ஆலைகள், டன்னுக்குப் பல மடங்கு அதிகச் செலவு, கோடிக்கணக்கான பிழைப்பு. 70 யூரோவில் முடிகிற விஷயம் இல்லை அது. அங்கே கூடுதல் செலவே பெரும் தொகை. அதைப் பகிர நிதியம் ஒன்று போதாது, சரக்கை வாங்குபவரும் பங்கு தர வேண்டியிருக்கும். ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி அந்தத் திசையில் போவதாகச் சொல்லிக்கொள்கிறது. 2026 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த அது உருக்கு, சிமென்ட், அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றைத் தொடுகிறது. வசூலாகும் பணம் ஐரோப்பாவின் பெட்டிக்குப் போகிறது, சரக்கு செய்த நாட்டின் ஆலையை மாற்றப் போவதில்லை. பொறுப்பைப் பகிர்வது என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வசூலின் ஒரு பகுதி, மாண்ட்ரியல் நிதியம் போலச் சரிபாதி வாக்குரிமை உள்ள குழுவின் வழியாக அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போனால் பேச்சு மாறும்.

அப்புறம் அளவீடு. அறிக்கையை மட்டும் நம்பிய இடத்தில் 87 சதவீதக் குறைப்பு காகிதத்தில் நடந்தது. அளந்து பெயர் சொன்ன இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஓசோனை அரிப்பதால் தடை செய்யப்பட்ட சிஎஃப்சி-11 என்ற வாயு மறுபடி உமிழப்படுவது 2018இல் தெரியவந்தது. பெரும்பகுதி கிழக்குச் சீனாவின் ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களைச் சுற்றி என்று 2019இல் ஆய்வாளர்கள் இடத்தைச் சொன்னார்கள். சீனா சோதனைகள் நடத்தியது, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உமிழ்வு வெகுவாக இறங்கியதைக் காற்றை அளக்கும் நிலையங்கள் பதிவு செய்தன.

அந்த நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பார்த்தால் ஒன்று தெரியும். அயர்லாந்து, கலிபோர்னியா, பார்படோஸ், சமோவா, டாஸ்மேனியா, ஜெஜு. இந்தியாவின் ஆர்-22 ஆலைகளின் காற்றைத் தொடர்ந்து, தெளிவாகப் பிடிக்கும் இடத்தில் அவற்றில் ஒன்றும் இல்லை. 2016 உத்தரவு சொன்னபடி நடக்கிறதா என்பதை வெளியிலிருந்து சரிபார்க்க வழி குறைவு. இது இந்தியாவுக்கும் நல்லதல்ல: உத்தரவை ஒழுங்காக நிறைவேற்றியிருந்தால் அதைக் காட்ட ஆதாரம் வேண்டும், உலக உமிழ்வு ஏறும்போது சந்தேகம் தன் பக்கமும் விழாமல் இருக்க. தெற்காசியாவுக்கு அப்படி ஒரு நிலையத்தை வைக்க ஆகும் செலவு, இந்தக் கதையில் கைமாறிய பணத்தோடு ஒப்பிட்டால் சில்லறை. நாடுகள் முதலில் பகிர்ந்துகொள்ள வேண்டிய செலவு அதுதான் என்பேன். யாரும் கேட்கும் முன்பே இந்தியா அதில் தன் பங்கை முன்வைக்கட்டும்.